வலது பக்கத்து சீட்

பைலட் பயிற்சியில் இருக்கும் உங்கள் பேட்ச்சுக்காக ஏதாவது எழுதித் தரச் சொல்லி ஒரு பெண் போனில் கேட்டாள். எதைப் பற்றி எழுதுவீர்கள் என்றாள். ட்ரிம் பற்றி என்றேன். "எஞ்சின் ஃபெயிலியர், புயல், அந்த மாதிரி ஏதாச்சும் இல்லையா மேடம்?" என்று இழுத்தாள். இல்லையம்மா, ட்ரிம்தான் என்றேன். அவளுடைய ஏமாற்றம் எனக்குப் புரிந்தது. உங்கள் பரீட்சையில் அது ரெண்டு மார்க் கேள்வி. எழுதிவிட்டு மறந்துபோவீர்கள்.

இதை உங்கள் வீட்டில் யாராவது எடுத்துப் படிக்கலாம் என்பதால் நாலு வரியில் சொல்லிவிடுகிறேன். விமானத்தின் வாலில் மேலும் கீழும் அசையும் பலகை ஒன்று இருக்கிறது. பைலட் தன் முன்னால் இருக்கும் யோக் என்ற பிடியை இழுத்தால் விமானத்தின் மூக்கு மேலே போகும், தள்ளினால் கீழே வரும். ஆனால் வேகம் மாறும்போதும், எடை முன்னே பின்னே நகரும்போதும் விமானம் தானாகவே மூக்கைத் தூக்கப் பார்க்கும், அல்லது தொங்கப்போடப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மொபெட்டில் ஒரு பக்கம் மட்டும் வெங்காய மூட்டையைத் தொங்கவிட்டு உசிலம்பட்டி சந்தையிலிருந்து மதுரை வரை ஓட்டிப் பாருங்கள், எப்படி என்று தோள்பட்டை சொல்லும். மறுபக்கம் தொங்கவிடும் இன்னொரு மூட்டைதான் ட்ரிம். அந்தப் பலகையின் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு. கட்டைவிரலால் ஒரு சுவிட்சை அமுக்கினால் தகடு நகரும், காற்றே பலகையைப் பிடித்துக்கொள்ளும், உங்கள் கை லேசாகும். விமானத்தை ஓட்டுவது அதன் வேலையில்லை. நீங்கள் முடிவு செய்த நிலையில் விமானம் நிற்பதற்காக, உங்களுக்குப் பதிலாகக் கனத்தைத் தாங்குவதுதான் அதன் வேலை.

இனி தவமணி அண்ணனைப் பற்றிச் சொல்கிறேன். அவரைச் சொல்லாமல் ட்ரிம் பற்றிச் சொல்ல எனக்குத் தெரியாது.

நான் கேப்டனாகிச் சில வருடங்கள் கழித்து அவர் எங்கள் கம்பெனியில், கேப்டனுக்கு வலது பக்கத்து சீட்டில் உட்காரும் கோ-பைலட்டாகச் சேர்ந்தார். என்னைவிட ஒரு வயதோ என்னவோ மூத்தவர். முன்பு வேலை பார்த்த விமானக் கம்பெனி திடீரென்று மூடப்பட்டு, நான்கு வருடம் தரையில் இருந்தவர். அந்த நான்கு வருடமும் கப்பலூர் தொழிற்பேட்டையில் மச்சானின் பிளாஸ்டிக் குடம் செய்யும் பட்டறையைப் பார்த்துக்கொண்டிருந்தாராம்.

முதல் நாள் நாங்கள் சேர்ந்து ஓட்டியபோது கவனித்தேன். யோக்கை இரண்டு கையாலும் நெரிப்பதுபோலப் பிடித்திருந்தார். ட்ரிம் சுவிட்சைத் தொடவே இல்லை. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

"பேச்சப் பாத்தா நம்ம ஊர்ப் பக்கம் மாதிரி இருக்கே?" என்று கேட்டேன்.

"உசிலம்பட்டி மேடம்."

"நான் மதுரைதாண்ணே. எதுக்கு அதை இம்புட்டு இறுக்கிப் புடிச்சிருக்கீங்க? அது பாட்டுக்குப் போகும்ல."

அவர் சிரிக்கவில்லை. "விட்டாப் போயிருமோன்னு இருக்கு மேடம். ஒரு தடவ போயிருச்சுல்ல."

நீங்கள் யாரும் இன்னும் வேலை இழந்ததில்லை. தரையில் நிற்கும் பைலட்டைப் பார்த்தால் என்ன ஆறுதல் சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ஜன்னலைப் பார்த்தேன்.

பிறகு ஒருநாள் அவரே சொன்னார். மதுரைக்கு மேற்கிலிருந்து இறங்கும் விமானம் கப்பலூர் கூரைகளுக்கு மேலேதான் தாழ்ந்து வரும். "மத்தியான ஃபிளைட்டு வர்ற நேரத்துக்குச் சாப்பாட்டுத் தட்டோட வெளிய வந்து நிப்பேன். தலைக்கு மேல போகையில சத்தத்தக் கேட்டே சொல்லிருவேன், உள்ள இருக்கவரு நிம்மதியா ஓட்டுறாரா, மல்லுக்கட்டுறாரான்னு. பட்டறையில எல்லாரும் இவனுக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சுன்னாய்ங்க. சோத்துல தூசி விழுறது கூடத் தெரியாம நிக்கிறான்னு மச்சானுக்கு வருத்தம்."

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவர் பிடி தளர்ந்தது. மூக்கு எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வார், அங்கே கொண்டுவந்து வைப்பார், ட்ரிம்மை ஒரு தொடு, இன்னொரு தொடு, பிறகு விரல்களை மெல்லத் திறந்து பார்ப்பார். விமானம் அசையாமல் போகும். அப்போது அவர் முகத்தில் வரும் ஆச்சரியத்தைப் பார்ப்பதற்காகவே அவரோடு டியூட்டி விழ வேண்டும் என்று நான் நினைக்க ஆரம்பித்தேன்.

பக்கத்து சீட்டில் இருப்பவரை நாம் அதிகம் பார்ப்பதில்லை. கேட்டுக்கொண்டுதான் இருப்போம். பெல்ட் மாட்டும் சத்தம், ரேடியோவில் பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சு, நாம் கேட்பதற்கு ஒரு நொடி முன்பே லீவருக்கு நகரும் கை. அவரோடு ஓட்டும் நாட்களில் நான் வாய் திறந்து சொல்ல வேண்டியது குறைந்துகொண்டே போனது. இதை நீங்கள் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டாம். என் கணவரும் அவர் மனைவியும் இதைப் படிப்பார்கள். ஆனால் இதற்கு நட்பு என்ற பெயரும் போதவில்லை. எங்கள் வீட்டுக்கு அவர் வந்ததே இரண்டொரு முறைதான். தரையில் சந்தித்தால் எங்களுக்குப் பேச ஒன்றும் இருக்காது.

அந்த மே மாத மத்தியானத்துக்கு வருகிறேன்.

பெங்களூரிலிருந்து மதுரைக்கு வந்துகொண்டிருந்தோம். இரண்டு புரொப்பெல்லர் வைத்த சின்ன விமானம், முக்கால்வாசி நிறைந்திருந்தது. அன்று ஓட்ட வேண்டிய முறை தவமணி அண்ணனுடையது. மதுரைக்காக இறங்க ஆரம்பித்ததும் வேகம் கூடியது. ஆட்டோபைலட் வழக்கம்போல அதற்கேற்ப ட்ரிம்மை மூக்கைத் தாழ்த்தும் பக்கமாக நகர்த்திக்கொண்டு வந்தது. திடீரென்று எச்சரிக்கை மணி அடித்தது. ஆட்டோபைலட் தன்னைக் கழற்றிக்கொண்டது. மூக்கு சட்டென்று சரிந்தது. பின்னால் யாரோ கத்தினார்கள்.

அண்ணன் அதற்குள் பிடித்துவிட்டார்.

"கனமா இருக்கு கேப்டன்," என்றார். குரல் நிதானமாக இருந்தது. "ட்ரிம் நகர மாட்டேங்குது."

நானும் என் பக்கத்து சுவிட்சை அமுக்கிப் பார்த்தேன். நடுவில் இருக்கும் மாற்று சுவிட்சையும் பார்த்தேன். தகடு இறுகிவிட்டது. இறங்கும் வேகத்துக்காக மூக்கைத் தாழ்த்தி வைத்த நிலையிலேயே இறுகிவிட்டது. நாங்கள் வேகத்தைக் குறைக்கக் குறைக்க மூக்கு இன்னும் தொங்கும். தரையிறங்க வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

"நீங்க எடுத்துக்கிறீங்களா?" என்று கேட்டார்.

இந்த இடத்தில்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். நெருக்கடி வந்தால் கேப்டன் பிடியைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வதுதான் பெரும்பாலும் வழக்கம். என் கையும் அதற்காகத் துடித்தது. ஆனால் விமானம் எவ்வளவு இழுக்கிறது, எந்தப் பக்கம் அடம்பிடிக்கிறது என்பது அந்தச் சில நொடிகளில் அவருடைய கைக்குத் தெரிந்துவிட்டது. என் கைக்குத் தெரியாது. நான் வாங்கினால் ஓட்டுவதற்கு இன்னொரு கை கிடைக்கும், யோசிப்பதற்கு ஆள் இருக்காது.

"வேணாம்ணே. உங்க கைக்குப் பழகிருச்சு. நீங்களே ஓட்டுங்க. நான் யோசிக்கிறேன்."

அவர் ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு முன்னால் பார்த்தார்.

பெங்களூருக்குத் திரும்பலாமா என்று யோசித்தேன். அங்கே ஓடுபாதை நீளம். ஆனால் அவ்வளவு தூரம் அந்தக் கனத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போக வேண்டும். மதுரை பக்கத்தில் இருந்தது. வானம் தெளிவு, காற்று கிழக்கிலிருந்து, ஓடுபாதை எங்களுக்குப் போதும். மதுரை டவரிடம் நிலைமையைச் சொல்லி, நேராக உள்ளே வராமல் உசிலம்பட்டிக்கு மேற்கே உயரத்திலேயே சுற்ற அனுமதி கேட்டேன்.

"எதுக்கு கேப்டன் சுத்தணும்? இறங்கிருவோமே," என்றார் அண்ணன். அவர் நெற்றியில் வியர்வை.

"மெதுவாப் போனா எம்புட்டு இழுக்கும்னு நமக்குத் தெரியாதுண்ணே. அத இங்கயே தெரிஞ்சுக்குவோம். கப்பலூர் கூரைக்கு மேல வச்சுத் தெரிஞ்சுக்க வேணாம்."

கீழே வெயிலில் காய்ந்து கிடந்த செம்மண் காடுகள். காற்று குண்டும் குழியுமாக இருந்தது. சக்கரங்களை இறக்கினோம். வேகத்தைக் குறைத்தோம். இறக்கையின் பின்னால் இறங்கும் ஃபிளாப்பை முதல் படி இறக்கினோம். தாங்க முடிந்தது. இரண்டாவது படி இறக்கியதும் மூக்கு அப்படியே கல்லாகக் கனத்தது. அண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். நானும் இழுத்தேன். உடனே பழையபடி முதல் படிக்கே ஏற்றினேன். அப்போதே முடிவு செய்தோம்: முதல் படியோடு, கொஞ்சம் கூடுதல் வேகத்தில் இறங்குவது. அதற்குமேல் எதையும் தொடுவதில்லை.

அப்போதுதான் அவர் கேட்டார், "முன்னாடி உக்காந்திருக்கவங்களப் பின்னாடி மாத்துனா என்ன?"

எனக்கு அது தோன்றவில்லை. மூக்கு கனக்கிறது என்றால் முன்னால் இருக்கும் எடையைப் பின்னால் நகர்த்தலாம். ஆனால் அளவு மீறினால் வால் கனத்துவிடும், அது இன்னும் ஆபத்து. எடைக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். பின்னால் காலி சீட்டுகள் இருந்தன. முதல் சில வரிசைக்காரர்கள் மட்டும் மாறினால் அளவுக்குள்தான் நிற்கும். கேபினில் இருந்த பணிப்பெண் ரூபாவை இன்டர்காமில் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டாள்.

அங்கே நடந்ததை ரூபா பிற்பாடு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எல்லோரும் மாறிவிட்டார்கள். முதல் வரிசையில் ஒரு வக்கீல் மட்டும் எழ மறுத்துவிட்டார். "இது நான் கேட்டு வாங்குன சீட்டும்மா. எதுக்கு மாறணும்னு ரூல்ல காட்டு." ரூபா அவர் பக்கத்தில் குனிந்து, "சார், உங்கள மாதிரி கனமான மனுஷங்க ஒரு நாலு பேரு பின்னாடி வந்தாத்தான் கேப்டனுக்கு ஒத்தாசையா இருக்கும்," என்றாளாம். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "அத மொதல்லயே சொல்றதுக்கென்ன," என்று எழுந்து போனாராம்.

எங்கள் கையில் அது தெரிந்தது. முழுக்கக் குறையவில்லை. ஆனால் ஒரு மூச்சு விடும் அளவுக்குக் குறைந்தது.

கடைசித் திருப்பத்துக்கு முன்னால் அண்ணனிடம் சொன்னேன், "ரெண்டு பேரும் ஓட்டுனா ஒருத்தர ஒருத்தர் இழுத்துக்கிட்டுக் கெடப்போம். நான் ஓட்டல. கனத்த மட்டும் இங்கிட்டுத் தாங்குறேன். மேல கீழ, திருப்புறது எல்லாம் நீங்கதான். பவர் லீவர் என் கையில. நீங்க கூடன்னா கூட்டுவேன், குறைன்னா குறைப்பேன். இப்ப நான்தாண்ணே உங்க ட்ரிம்."

அவர் தலையசைத்தார். பேசினால் மூச்சு வீணாகும் என்பதுபோல.

நாகமலை இடது பக்கம் நகர்ந்தது. முன்னால் ஓடுபாதை தெரிந்தது. நான் இடது கையால் கனத்தைத் தாங்கிக்கொண்டு அப்படியே இருந்தேன். அது எளிதில்லை. மூக்கு கொஞ்சம் சரியும்போது என் கை தானாகத் திருத்தப் பார்க்கும். நான் திருத்தக் கூடாது. திருத்துவது அவர். நான் மாறாமல் இருந்தால்தான் அவருக்குக் கணக்குப் புரியும். என் வேலைக் காலம் முழுவதிலும் நான் செய்த கடினமான காரியம் அதுதான். ஒன்றும் செய்யாமல், விடாமல், அப்படியே இருப்பது.

தொழிற்பேட்டையின் தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. அவர் இழுப்பு தளர்வது யோக் வழியாக எனக்குத் தெரிந்தது.

"கேப்டன், கடைசியா ஒரே ஒரு தடவ சுவிட்ச அமுக்கிப் பாத்துரவா? வேல செஞ்சாலும் செய்யும்."

"வேணாம்ணே."

"கை விட்டுரும்போல இருக்கு."

"நான் விடல. நீங்க ஓட்டுங்க."

ஏன் வேண்டாம் என்றேன் என்பதை எழுதிவிடுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் முழு பலத்தோடு இழுத்துக்கொண்டிருக்கிறோம். அந்த நேரம் பார்த்து தகடு விடுபட்டால், நாங்கள் இழுக்கும் இழுப்புக்கு மூக்கு வானத்தைப் பார்க்கும். வேகம் செத்துவிடும். அந்த உயரத்தில் மீள இடமில்லை. கெட்டுப்போன ஒன்று கெட்டுப்போனதாகவே இருந்தால் அதோடு வாழலாம். அது எப்போது குணமாகும் என்று தெரியாததுதான் பயம். ஆசை வரும். தரை நெருங்க நெருங்க அதிகமாகவே வரும்.

"குறைக்கவா?"

"வேணாம், அப்பிடியே இருக்கட்டும்... இருக்கட்டும்..."

பவரைக் குறைத்தால் மூக்கு இன்னும் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சக்கரம் தரையைத் தொடும் வரை குறைக்கச் சொல்லவில்லை. தொட்டபோது உடம்பு குலுங்கியது. "இப்ப!" என்றார். குறைத்தேன். ஓடி, ஓடி, நின்றோம்.

தீயணைப்பு வண்டிகள் பக்கத்தில் வந்து நின்றன. எஞ்சினை அணைத்தோம். அதற்குப் பிறகும் அவர் யோக்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். "அண்ணே, வந்துட்டோம்," என்றேன். "தெரியுது. விரலு வர மாட்டேங்குது," என்றார். நான் எட்டி அவர் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. பிறகு அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் பார்க்கவில்லை.

இறங்கிப் போகும்போது அந்த வக்கீல் மட்டும் காக்பிட் பக்கம் எட்டிப் பார்த்து, "பின் சீட்டுல ரொம்பக் குலுக்கலும்மா," என்று குறைப்பட்டுக்கொண்டார்.

தகட்டை நகர்த்தும் சின்ன மோட்டார் ஒன்று இறுகிப்போயிருந்தது என்றார்கள். மாற்றினார்கள். மறு வாரம் அதே விமானத்தில் நாங்களே வந்தோம்.

சில மாதங்கள் கழித்து என்னைத் தலைமை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். கேப்டன் பதவிக்கான பட்டியலில் தவமணியின் பெயர் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பயிற்சித் தலைவர் நல்ல மனிதர், எச்சரிக்கையானவர். "நாலு வருஷ இடைவெளி இருக்கு. இன்னும் கொஞ்ச நாள் உங்க கூடவே ஓட்டட்டுமே. நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு உள்ளே என்ன இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஒரு காக்பிட்டில் ஒரு கேப்டன்தான். அவர் கேப்டனாகிவிட்டால் எங்களுக்குச் சேர்ந்து டியூட்டி விழாது. ஒரே கம்பெனி, ஒரே வானம், ஆனால் ஒரே விமானத்தில் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று நான் சொல்லியிருந்தால் யாரும் தப்பு சொல்லியிருக்க மாட்டார்கள். கவனமான கேப்டன் என்றுதான் நினைத்திருப்பார்கள். எனக்கும் அவர் இன்னும் கொஞ்ச நாள் வலது பக்கத்து சீட்டில் கிடைத்திருப்பார்.

"அவர் தயாரா இருக்கார் சார்," என்றேன். "இன்னும் என் கூட ஓட்டுறதுல அவருக்கு ஒண்ணும் லாபம் இல்ல."

வெளியே வந்து படிக்கட்டில் கொஞ்ச நேரம் நின்றேன். நீங்களும் ஒருநாள் இப்படி ஒரு மேஜைக்கு முன்னால் உட்காருவீர்கள். கூட வேலை செய்பவரைப் பற்றிக் கேட்பார்கள். உங்களுக்கு அவர் எவ்வளவு வேண்டியவர் என்பது அந்தக் கேள்வியில் சேராது. அதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக நாங்கள் சேர்ந்து ஓட்டிய நாளில் எதுவுமே நடக்கவில்லை. ஐப்பசி மாதக் காலை, மழை கழுவிவிட்ட காற்று. அவர் ஓட்டினார். வைகையில் தண்ணீர் தெரிந்தது. ஆட்டோபைலட்டைக் கழற்றிவிட்டு ட்ரிம்மை ஒரு தொடு தொட்டார். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டார். விமானம் ஒரு இழை விலகாமல் போயிற்று. நாங்கள் இரண்டு பேரும் யோக்கைத் தொடாமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஐதராபாத்ல போட்டுருக்காங்க," என்றார்.

"கேள்விப்பட்டேன்."

"நீங்கதான் சொன்னீங்களாம்ல."

"ஆமாண்ணே."

அவர் மறுபடி யோக்கைப் பிடித்துக்கொண்டார். "சரி, இறங்குவோம்," என்றார். நான் சரிபார்ப்புப் பட்டியலை எடுத்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு வலது பக்கத்தில் எத்தனையோ பேர் வந்தார்கள். நல்ல பைலட்டுகள். என் கையில் பயின்று கேப்டன் ஆனவர்களும் உண்டு. ஆனால் ஒரு லீவரைத் தொடலாம் என்று நினைக்கும்போது, எனக்கு முன்பே அங்கே போகும் அந்தக் கையை நான் தேடுவேன். அது வராது. நான் வாய் திறந்து சொல்வேன். அவர்கள் உடனே செய்வார்கள். ஒரு குறையும் இல்லை.

ரேடியோவில் மட்டும் அவர் குரல் கேட்கும். எங்கேயோ நாற்பது ஐம்பது மைல் தள்ளி அவர் ஏறிக்கொண்டிருப்பார், நான் இறங்கிக்கொண்டிருப்பேன். விதிப்படி ஆங்கிலத்தில் உயரமும் திசையும் சொல்வார். அடுத்த அலைவரிசைக்கு மாறுவதற்கு முன் ஒரு சின்ன இடைவெளி விட்டு, "வாரேன் கேப்டன்," என்பார். போகும்போது வாரேன் என்றுதான் எங்கள் ஊரில் சொல்வோம். நான் ரேடியோ பட்டனை இரண்டு முறை தட்டுவேன். அவர் காதில் ரெண்டு டிக் கேட்டிருக்கும்.

நான் ஓய்வு வயதுக்குக் காத்திருக்க முடியவில்லை. இடது காதின் உள்ளே ஏதோ சமநிலை தவறிவிட்டது. நடக்கையில் எப்போதாவது தரை லேசாகச் சாயும். இனி ஓட்ட மருத்துவக் குழு அனுமதி மறுத்துவிட்டது. அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள். இப்போது நாகமலை புதுக்கோட்டையில் இருக்கிறேன். மாலையில் பல்கலைக்கழகச் சாலையில் நடக்கப் போவேன். விமானச் சத்தம் கேட்டால் நின்றுவிடுகிறேன். கூட வரும் என் கணவர் ஒன்றும் கேட்பதில்லை, அவரும் நின்றுவிடுவார்.

போன மாசி மாதம் ஐதராபாத்தில் என் தங்கை வீட்டுக்குப் போய்விட்டு மதுரைக்குத் திரும்பினேன். சீட்டில் உட்கார்ந்து பெல்ட் மாட்டியதும் ஸ்பீக்கரில் அந்தக் குரல் கேட்டது. உங்கள் கேப்டன் தவமணி பேசுகிறேன் என்று. நான் எதிர்பார்க்கவில்லை. என் பக்கத்தில் கல்லூரி மாணவி ஒருத்தி, அவளுக்கு அது முதல் பயணம் இல்லை, போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதுரையை நெருங்கியதும் ஆட்டோபைலட்டைக் கழற்றினார். பயணிகள் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு முதுகில் தெரிந்தது. ஃபிளாப் இறங்கியது, மூக்கு ஒரு கணம் நினைத்துப் பார்த்தது, ட்ரிம், அடங்கியது. வேகம் குறைந்தது, மறுபடி ஒரு தொடு, அடங்கியது. மல்லுக்கட்டு எங்கேயும் இல்லை. கப்பலூர் கூரைகள் ஜன்னலில் வந்தன. என் இடது கட்டைவிரல் கைப்பிடியின் மேல் தானாக அழுத்திக்கொண்டிருந்ததை அந்தப் பெண் பார்த்துவிட்டாள் போலிருக்கிறது.

"பயமா இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இந்தா, இறங்கிருவோம். ஒண்ணும் ஆகாது."

இல்லையம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் கை வெதுவெதுப்பாக இருந்தது. சக்கரங்கள் தரையைத் தொட்டது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது.

எல்லோரும் இறங்கும் வரை உட்கார்ந்திருந்தேன். கேபினில் இருந்த பெண்ணிடம் என் பெயரைச் சொன்னேன். அவள் உள்ளே போய்ச் சொன்னாள். காக்பிட் கதவு திறந்து அவர் எட்டிப் பார்த்தார். தலை நரைத்திருந்தது. "கேப்டன்!" என்றார். பிறகு, "எந்த சீட்டுல இருந்தீங்க? எப்பிடி இருந்துச்சு?"

"தூங்கிட்டேண்ணே," என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பைப் பார்க்க வேண்டும். அதைவிடப் பெரிய பாராட்டை ஒரு பைலட் இன்னொரு பைலட்டுக்குச் சொல்ல முடியாது என்று அவருக்குத் தெரியும்.

கோ-பைலட் வெளியே விமானத்தைச் சுற்றிப் பார்க்கப் போயிருந்தார். அண்ணன் கையைக் காட்டினார். "உக்காருங்க. கெளம்ப இன்னும் நேரம் கெடக்கு."

வலது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். இத்தனை வருடத்தில் அவர் இடது பக்கமும் நான் வலது பக்கமுமாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எஞ்சின் அணைந்திருந்தது. கண்ணாடிக்கு வெளியே வெயில், பெட்டிகளை ஏற்றும் வண்டி, தூரத்தில் திருப்பரங்குன்றத்து மலை. அவர் மனைவிக்கு முழங்கால் வலி என்றார். என் காது எப்படி இருக்கிறது என்று கேட்டார். அடுத்த வருடம் அவருக்கும் வேலை முடிகிறது என்றார். மச்சானின் பட்டறையை இப்போது அண்ணனின் மகன் பார்க்கிறானாம். பிறகு பேச்சு ஓய்ந்தது. பழையபடி நாங்கள் பேசாமல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் மூச்சு கேட்டது. பெல்ட்டின் இரும்புக் கொக்கியை அவர் விரல் எதற்கோ திறந்து மூடியது.

கதவருகே யாரோ வந்து நின்றார்கள்.

"கேப்டன், போர்டிங் ஆரம்பிக்கலாமா?"

நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பினோம். பதில் சொல்ல வேண்டியவர் அவர். "ஆரம்பிங்க," என்றார்.

நான் எழுந்து, திரும்பி வந்த கோ-பைலட்டுக்கு வழிவிட்டேன்.